மூன்றாம் முறை மூடிக்கொண்ட துளைகள்

மகன் இர்பானுக்கு, குகட்பள்ளியிலிருந்து அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்கு என்ன குறைச்சல், உனக்கு வரவேண்டிய கெட்ட பேரை இங்கே வேறொரு பெண் சுமந்துகொண்டிருக்கிறாள். நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை என்று இருக்கிறாய், அதனால் எழுதுகிறேன், பாதியில் மடித்து வைக்காமல் படி.

போன வருடம் ஜெர்மனியிலிருந்து அந்தப் பொடியை அனுப்பிவிட்டு என்ன பீற்றிக்கொண்டாய். நிக்கல், கோபால்ட், அலுமினியம் மூன்றையும் கலந்து, அலுமினியத்தை மட்டும் காஸ்டிக் சோடாவில் கரைத்து எடுத்துவிட்டால் மிச்சத் துகள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகளாக நிற்கும், அந்தத் துளைகளில்தான் ரசாயன வினை வேகமாக நடக்கும், ஒரே பொடியை வடிகட்டிப் பத்து முறை போடலாம் அத்தா என்றாய். நானும் மகன் செய்ததாயிற்றே என்று, ஆனால் நீ என் மகன் என்பதை வெளியே சொல்லாமல், சனத்நகரில் எங்கள் கம்பெனி மேனேஜர் புருஷோத்தமனிடம் கெஞ்சி, மருந்துச் சரக்கில் போட வைத்தேன். மூன்றாம் முறை வினை பாதியில் படுத்துவிட்டது. சரக்கு அத்தனையும் பாழ். ஷிப்டில் இருந்த ஆபரேட்டர் அஸ்வினி சூட்டை ஏற்றிவிட்டாள் என்று பழி விழுந்தது. நான் ஒரு டிகிரிகூட ஏத்தலை சார் என்று அந்தப் பெண் என் முன்னால் நின்று அழுதாள். புருஷோத்தமன் உன்னை வீடியோவில் கேட்டபோது, ஆபரேட்டர் தப்பாத்தான் இருக்கும் என்று கூசாமல் சொன்னாய். நான் குறுக்கே பேசப்போனேன், நக்கோ, வேணாம் காதர் சாப், பொடியைப் பண்ணவரே சொல்லிட்டாரு என்று என் வாயை அடைத்துவிட்டார்.

மிச்சப் பொடியை லேபில் நானே ஓட்டிப் பார்த்தேன். நீ சொன்ன அதே சூடுதான். மூன்றாம் முறை எனக்கும் படுத்துவிட்டது. உன்னிடம் சொன்னால், தெரியும் அத்தா, சூடு பட்டுப் பட்டுத் துளையெல்லாம் மூடிக்கும், இப்ப வெளிய சொன்னா என் ஆராய்ச்சிக் கட்டுரை போயிடும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். தெரியுமாம்! தெரியாமல் செய்திருந்தால் உன்னோடு சேர்ந்து நானும் தலைகுனிந்திருப்பேன். ஆராய்ச்சி தோற்றால் யாரும் தூக்கில் போடமாட்டார்கள். தெரிந்தே ஒரு பெண்ணின் தலையில் பழியைக் கட்டினாயே, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை விசாரணை. அன்றோடு அஸ்வினியை வேலையைவிட்டு அனுப்பப்போகிறார்கள், சரக்கைக் கெடுத்தவள் என்ற பேரோடு வேறு கம்பெனியிலும் சேர்க்கமாட்டார்கள். அதற்குள் உண்மையைப் புருஷோத்தமனுக்கு நீயே எழுதிவிடு. எழுதாவிட்டால் நான் உள்ளே போய், பொடி கெட்டது, அது அவனுக்குத் தெரியும், அவன் என் மகன் என்று மூன்றையும் சொல்லிவிட்டு வருவேன். என் வேலை போனால் போகட்டும்.

குளிர் அதிகம் என்கிறார்கள், மார்புச் சளியை அலட்சியம் செய்யாதே. அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும், உண்மை பேசும் நாக்கையும் கொடுக்கட்டும். பெருநாளுக்கு வருகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். வா என்று நான் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அத்தா
அப்துல் காதர்