நினைவு மலரின் அட்டையில் கூழ்க்காரி

வேடம் கட்டியே எங்களை வாழவைத்த என் அருமை அத்தானுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் நேற்று முடிந்தது, உங்கள் நினைவு மலரும் கொடுத்தாயிற்று. "அட்டைப் படம் என்ன மாதிரி?" என்றுதான் முதலில் கேட்பீர்கள். பொறுங்கள், சொல்கிறேன்.

யூரோ வந்த புதிதில் நீங்கள், அக்கா, நான் மூவரும் பெர்லினுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோமே. மழைக்கு ஒதுங்கித்தான் அந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தோம். உள்ளே ஜப்பான்காரர் மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட பழைய படங்கள். அவர்களுடைய ஐந்து பண்டிகைகளுக்கு ஐந்து படம். ஒவ்வொன்றிலும் கபுகி என்கிற அவர்கள் கூத்தின் நடிகர் ஒருவர், அந்தப் பருவத்துப் பூவோடு.

ஒரு படத்தில் படி கட்டிப் பொம்மைகள் அடுக்கியிருந்தன. "இஞ்சை பாருங்கோ, கொலு!" என்று அக்கா சரஸ்வதியைத் தேடத் தொடங்கினாள். நானோ படிக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணின் வடிவில் சொக்கிப்போனேன். விளக்கம் சொல்ல நின்ற ஜெர்மன் பெண்மணி சிரித்துவிட்டார். அது பெண்ணல்ல, பெண் வேடம் கட்டியே பேரெடுத்த ஆணாம். பண்டிகை வந்தால் சனம் இந்தப் படங்களை ஆசையாய் வாங்குமாம். நடிகர் இறந்தால் நினைவுக்கென்றும் ஒரு படம் அச்சிடுவார்களாம்.

நீங்கள் அப்படியே நின்றுவிட்டீர்கள். நாங்கள் இருக்கும் பீலெஃபெல்ட் நகரத்தில் உங்கள் வேடம் இல்லாமல் எங்களுக்கு எந்தப் பண்டிகை வந்தது? பொங்கலுக்கு வாயாடி மாமியார். தீபாவளிக்குப் புதுச்சேலை கேட்டு அடம்பிடிக்கும் மனைவி. ஆடிப்பிறப்புக்குக் கூழ்க்காரி. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு ஆடி மாதம் உங்கள் இடுப்பில் இருந்த கூழ்ப்பானையோடுதான் வந்தது. ஆனால் உங்கள் சொந்த அண்ணர் மட்டும், "பொம்பிளை வேசம் போட்டு மானத்தை வாங்கிறான்" என்று முன்வரிசையிலிருந்து எழும்பிப் போவார். நீங்கள் சிரித்து மழுப்புவீர்கள். வலித்ததா, அத்தான்?

"வேசக்காரனைச் சுவரிலை மாட்டியிருக்கிறாங்கள், பார் பிள்ளை," என்றீர்கள் அன்றைக்கு. அடுத்த நொடியே பகிடிக்குத் தாவிவிட்டீர்கள். "நான் செத்தால் என்ர நினைவு மலருக்குக் கூழ்க்காரிப் படத்தைத்தான் போடவேணும். கோட்டும் டையும் போட்ட பாஸ்போட் படத்தைப் போட்டால் எழும்பி வந்திடுவன், சொல்லிப்போட்டன்!"

"ஓம், ஓம்" என்று தலையாட்டியவள் நான்தான். அந்த வாக்கு ஒருநாள் இப்படி என் தலையில் விழும் என்று நினைத்தேனா? தேவாரமும் உங்கள் வாழ்க்கைக் கதையும் அச்சுக்குத் தயார். அட்டை மட்டும் நின்றுபோனது. "ஏலாது. சனம் சிரிக்கும்," என்று உங்கள் அண்ணர் ஒற்றைக்காலில் நின்றார். நான் கெஞ்சினேன், சண்டையும் பிடித்தேன். மனுசன் மசியவில்லை.

கடைசியில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சிரிக்கட்டுமன். சனத்தைச் சிரிக்க வைக்கத்தானே அவர் இவ்வளவு காலமும் பாடுபட்டவர்."

கூழ்க்காரிப் படமே அச்சுக்குப் போனது.

நேற்று புத்தகத்தைக் கையில் வாங்கியவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். உங்கள் அண்ணர் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டார். போகட்டும். கீழ்வீட்டு ஜெர்மன் அம்மாவும் வந்திருந்தார். அட்டையைப் பார்த்துவிட்டு, "அழகான பெண். யார் இவர்?" என்று கேட்டார். அக்கா நிமிர்ந்து நின்று, தனக்குத் தெரிந்த டொச்சு மொழியில் சொன்னாள்: "என் கணவர்."

அத்தான், நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் சிரிப்பு என்ற ஒன்றே எனக்கு மறந்திருந்தது. அக்காவின் சேலையைச் சுற்றிக்கொண்டு நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வாசலில் நீங்கள் வந்து நின்றீர்கள், நான் சிரிக்கும் வரைக்கும் போகவேயில்லை. அதற்கு நன்றி என்று உங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை. இப்போது இந்தக் கடிதத்தில் சொல்கிறேன். நன்றி, அத்தான்.

வருகிற ஆடிப்பிறப்புக்குக் கூழ்க்காரி வேடம் நான் கட்டுகிறேன். இது சத்தியம். இன்று காலை வரவேற்பறையில் நடந்து பார்த்தேன். பெண்ணாய்ப் பிறந்தும் உங்கள் நடை எனக்கு வரமாட்டேன் என்கிறது. "இடுப்பை வளை. அவர் இப்பிடியோ நடந்தவர்?" என்று அக்கா இருந்த இடத்திலிருந்தே திருத்தினாள். நான் பானையோடு தடுக்கி விழப்போனேன். நீங்கள் போனதிலிருந்து முதல் தடவையாக அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இடுப்பு வளையாத உங்கள் மச்சாள்