சிவமணி மாமியின் பக்கமும் என் விண்டோஸ் ஏழும்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சாருஜாவுக்கு,

அப்பாவும் நானும் சுகம், கணினியும் இப்போது சுகம், அது சுகப்பட்ட கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அந்த மழை ஊரில் நீயும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. கையில் போன் இருக்க அம்மா ஏன் தாளில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் இரண்டாவது வசனத்திலேயே "நான் அப்பவே சொன்னனான்தானே அம்மா" என்று தொடங்கிவிடுவாய், தாளில் என்றால் நான் முடிக்கும்வரை நீ பொறுத்துத்தான் ஆக வேண்டும். உன் அறைத்தோழி நிலூஷா விடுமுறை முடிந்து புதன்கிழமை புறப்படுகிறாள், அவளுடைய பெட்டியில் மிளகாய்த்தூளுக்கும் பருத்தித்துறை வடைக்கும் நடுவில் இது வரும். வடையை அவளுக்கும் கொடு. இங்கே லிப்ட் மூன்றாவது கிழமையாகப் பழுது, அப்பா கொள்ளுப்பிட்டி அலுவலகத்திலிருந்து வந்து நாலு மாடி ஏறி மூச்சு வாங்க வாங்க, இது உடற்பயிற்சி என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறார். பிரஷர் குளிசையை மட்டும் நான் ஞாபகப்படுத்தாமல் போடுவதில்லை.

மேல்மாடி இராசரத்தினம் மாமா காலமானது உனக்குத் தெரியும். அவருடைய முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அமைக்கும் வேலையை சிவமணி மாமி என்னிடம்தான் தந்தா, வேறு யாரிடம் தருவா. பேராதனையில் பௌதிகம் படித்த உன் அம்மா பன்னிரண்டு வருடமாக விறாந்தை மூலையில் இருந்து இந்தப் பகுதியில் இறந்தவர்களுக்கெல்லாம் தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றி நவிலல் என்று பக்கம் போட்டுக் கொடுக்கிறவள் அல்லவா. மற்ற எல்லாம் பிள்ளைகள் கனடாவிலிருந்து போனுக்கு அனுப்பியிருந்தார்கள். மனைவியின் பக்கத்தை மட்டும் மாமி தன் கையால் நாலு தாளில் எழுதிக் கொண்டுவந்து தந்தா, நான் தட்டச்சு செய்து முடித்ததும் "அந்தத் தாளைக் கிழிச்சுப் போடும் பிள்ளை, பிள்ளையள் வந்து கண்டால் அழுவினம்" என்றா. நான் சொன்ன சொல் கேட்கிறவள், கிழித்துப் போட்டேன்.

என் கெட்ட காலம், ஜனவரியில் கணினி புது விண்டோஸ் வேண்டுமா என்று கேட்டபோது வேண்டும் என்று அழுத்தியிருந்தேன். புதியதென்றால் நல்லது என்று நம்பும் வயது எனக்கு இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு பக்கம் அமைக்கும் என் பழைய மென்பொருள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உறைந்துபோய் நிற்கும், மாமாவின் படங்களைப் போடத் தொடங்கியதும் திறக்கவே மறுத்துவிட்டது. உன்னிடம் சொன்னேன், நீயும் "ஒண்டையும் தொடாதேங்கோ அம்மா, சனிக்கிழமை நான் இஞ்ச இருந்து பார்க்கிறன்" என்றாய். அப்போது வியாழக்கிழமை. ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன், வைத்தவுடன் யூடியூபைத் திறந்தேன். தலையில் தொப்பி போட்ட ஒருவர் பன்னிரண்டு நிமிடத்தில் கணினிக்குள் இருக்கும் வட்டை ஃபோர்மட் செய்து பழைய விண்டோஸ் ஏழைப் போட்டுக் காட்டினார். அவருக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றால் பட்டதாரியான எனக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை குளித்து, சாமி கும்பிட்டு, கணினிக்கும் கொஞ்சம் விபூதி பூசினேன், சிரிக்காதே. கோப்புகளை எல்லாம் சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு மாற்றி வைத்தேன், அதுதான் பாதுகாப்பு என்று நினைத்து. பென் டிரைவில் ஏற்கெனவே இருந்த பிரதிகளை அழித்து, அதில்தான் விண்டோஸ் ஏழை ஏற்றினேன், அதுவும் அந்தத் தொப்பிக்காரர் சொன்னபடி. எல்லாம் ஒழுங்காகப் போய், வட்டு வகை சரியில்லை, இதில் நிறுவ முடியாது என்று ஒரு செய்தி வந்து நின்றது. இருக்கிற பிரிவுகளை எல்லாம் அழித்துவிட்டுத் தொடரலாம் என்றார் தொப்பிக்காரர். எல்லாம் என்றால் எதெது என்று யோசிக்க வேண்டிய இடம் அது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன், பத்து இருபத்தாறு. பத்தரைக்கு வெள்ளிக்கிழமை இராகுகாலம் தொடங்கிவிடும், அதன் பிறகு நல்ல காரியம் ஒன்றையும் தொடக்கூடாது. ஆகவே வாசிக்காமலே சி-யையும் அழித்தேன், டி-யையும் அழித்தேன், பத்து இருபத்தெட்டுக்கு நிறுவு என்று அழுத்திவிட்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டேன். பௌதிகத்தில் எனக்குப் பட்டம் தந்தவர்கள் இதை அறியாமல் இருப்பது நல்லது.

விண்டோஸ் ஏழு அழகாக வந்தது. என் மென்பொருளைத் திரும்பப் போட்டேன், முதல் சொடுக்கிலேயே திறந்தது. திறந்து பார்க்க உள்ளே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். சி-யும் டி-யும் இரண்டு வீடு என்று நான் நினைத்திருந்தேன், அவை ஒரே ஃபிளாட்டின் இரண்டு அறைகள், நான் ஃபிளாட்டையே இடித்துவிட்டேன். பதற்றத்தில் போனில் இருந்த படங்களையும் வரலாற்றையும் அதே வட்டில் திரும்பவும் ஏற்றினேன், அது இன்னும் பெரிய பிழையாம். அப்பா வந்து பார்த்துவிட்டு, "நீர் வெளிய எறியேக்கை நல்ல நேரம் பார்த்துத்தான் எறிஞ்சிருக்கிறீர்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

காலி வீதியில் கணினிக் கடை வைத்திருக்கும் ரிஸ்கானை உனக்கு ஞாபகம் இருக்கும், இப்போது அவருடைய மூத்த மகள் பள்ளிக்கூடம் போகிறாள். வட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, "ஆன்டி, அழிச்சது பரவாயில்ல, அதுக்கு மேலால விண்டோஸ் போட்டு, அதுக்கும் மேலால ஃபைலும் போட்டு ஈக்கிறீங்க, மையத்த அடக்கி அதுக்கு மேல வீடு கட்டின மாதிரி" என்றார். பிணத்தைப் புதைத்து மேலே வீடு கட்டினேனாம், அவருடைய வாயிலும் நினைவு மலர் வாடைதான். திங்கட்கிழமைவரை வைத்திருந்து தேடினார், உருப்படியாக மீண்டது ஒரே ஒரு கோப்பு. அதன் பெயர் "மனைவி புலம்பல் - மாதிரி 3".

அது என்னவென்று உனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்கிறேன். எழுத முடியாத மனைவிமாருக்காக நானே ஆக்கி வைத்திருந்த ஐந்து மாதிரிகளில் ஒன்று, பெயரை மட்டும் மாற்றினால் போதும். "கண்மணியே என்றழைத்த குரல் எங்கே, கலங்கரை விளக்கே எனை விட்டு ஏகினையே" என்று போகும். வெள்ளவத்தையில் எத்தனையோ பெண்கள் என் கண்ணீரைத்தான் அழுதிருக்கிறார்கள். கொட்டாஞ்சேனை அச்சகத்துக்குப் புதன்கிழமை கொடுத்தாக வேண்டும். மாமியின் நாலு தாளில் இருந்ததை நினைவிலிருந்து எழுதப் பார்த்தேன், ஒரு வசனம்கூட வரவில்லை. எழுத்துப் பிழை எங்கெங்கே இருந்தது என்று ஞாபகம் இருந்தது, மாமி என்ன சொன்னா என்பது ஞாபகம் இல்லை. விரல்கள்தான் வாசித்திருக்கின்றன, நான் வாசிக்கவில்லை. அந்த நேரத்தில் நான் செய்தது மகா மட்டமான வேலை. மாதிரி மூன்றில் மாமாவின் பெயரைப் போட்டு, அங்கங்கே கொஞ்சம் நீட்டி, அச்சடித்து, இதுதான் உங்கள் பக்கம், பிழை பாருங்கோ என்று மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். துக்கத்தில் இருக்கிறவ, கவனிக்கமாட்டா என்று நினைத்தேன்.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலாவது வரியிலேயே நின்றுவிட்டா. "கண்மணியோ? முப்பத்தொன்பது வருசம் அந்த மனுசன் என்னை 'இஞ்சேரும்' எண்டுதான் கூப்பிட்டவர்." பிறகு தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ர எழுத்தில்லை பிள்ளை, இது ஆருடைய எழுத்து?" என்று கேட்டா. எல்லாவற்றையும் சொன்னேன், இராகுகாலம் உட்பட. ஏசுவா என்று பார்த்தேன், ஏசவில்லை. "நாலு நாள் இருந்து எழுதினனான். ஒரு பக்கம் எழுதுறது, குசினிக்கை போய் நிண்டு அழுறது, பிறகு வந்து மற்றப் பக்கம். இனி அது வராது. இன்னொருக்கா நான் அதுக்குள்ள போகேலாது" என்று மட்டும் சொன்னா. நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி, நீர் போம்" என்றா. அந்தத் தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு மாடி இறங்கி வந்தேன்.

அடுத்த நாள் காலை கதவு மணி அடித்தது. மாமி ஒரு கிளினிக் துண்டுத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தா. "இதை மட்டும் போடும். பூ, விளக்கு, ஒரு படமும் வேண்டாம், மிச்சம் வெறுமையா இருக்கட்டும்." மூன்று வரி. அப்படியே எழுதுகிறேன்: "முப்பத்தொன்பது வருடம் காலைத் தேநீர் இவர்தான் போட்டுத் தந்தவர். சீனி ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. இப்போது சரியாக இருக்கிறது, குடிக்க முடியவில்லை." இந்த முறை வாசித்துவிட்டுத்தான் தட்டச்சு செய்தேன். அச்சகத்துக்காரர், "மிஸ், இவ்வளவு வெறுமையா விட்டால் சனம் அச்சுப் பிழை எண்டு நினைக்கும், ஒரு குத்துவிளக்காவது வைப்பமே" என்று கெஞ்சினார், நான் விடவில்லை.

நேற்று முப்பத்தோராம் நாள் முடிந்தது. நினைவு மலரை யாரும் வாசிப்பதில்லை, வம்சாவளியில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கைப்பைக்குள் வைப்பார்கள், இது நான் பன்னிரண்டு வருடமாகக் கண்டது. நேற்று பந்திக்குக் கூப்பிட்ட பிறகும் நாலைந்து பேர் எழும்பாமல் மாமியின் பக்கத்தையே பார்த்தபடி இருந்தார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு அம்மா, யார் அமைத்தது என்று கேட்டா, என் பெயரை விட்டு அச்சகத்தின் பெயரைச் சொன்னேன். மூன்று வரி நன்றாக வந்துவிட்டது என்பதற்காக நாலு தாளை அழித்தது சரியாகிவிடாது. அவற்றில் என்ன இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது, தட்டச்சு செய்த எனக்கே தெரியாது. என் மாதிரிகள் போனதில் எனக்குத் துக்கம் இல்லை. மீண்டு வந்த மூன்றாவதையும் நானே அழித்தேன், அதற்கு நேரம் பார்க்கவில்லை.

இன்று காலை அப்பா என்னை எழுப்பாமல் குசினிக்குள் போனார். தேயிலை எங்கே என்று ஒருமுறை, சீனி எங்கே என்று ஒருமுறை, இது உப்பா சீனியா என்று ஒருமுறை கேட்டார், அதற்குள் நான் எழும்பியே விட்டேன். தேநீரில் சீனி பாயசத்துக்குப் போட்ட அளவு. எப்படி என்று கேட்டார். முழுவதையும் குடித்தேன்.

பிள்ளை, நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. முக்கியமாக ஒன்று, சிவமணி மாமிக்கு நீ இன்னும் ஒன்றும் எழுதவில்லை. ஆழ்ந்த அனுதாபம் என்று எழுதாதே, அதை அவவுக்கு எல்லோரும் எழுதிவிட்டார்கள். சின்ன வயதில் மாமாவோடு பின்னேரங்களில் கடற்கரைக்குப் போவாயே, அப்போது அவர் என்ன கதைத்தார், என்ன வாங்கித் தந்தார், உனக்கு ஞாபகம் இருக்கிற ஏதாவது ஒன்றை உன் கையால் எழுதி அனுப்பு. அனுப்பமுன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள். நீ நல்லாயிருக்க வேண்டும், படிப்பு நல்லபடி முடிய வேண்டும், பிள்ளையார் துணை.

இப்படிக்கு,
உன் சொல்லைக் கேட்காத,
அம்மா.