கண்ணன் பேசிய விளம்பரம்

ஆவணி 9, செவ்வாய்.

திருச்சுழி கண்ணனும் நானும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து மொபைல் கேம் செய்கிறவர்கள். இன்று காலை ஒரு விளம்பரத்தில் அவன் முகத்தைப் பார்த்தேன். ஒரே ஒரு கேம் செய்து பேர் வாங்கிய ஒருவர் ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் பாடம் நடத்துகிறார். அந்தப் பாடத்தால் தன் வாழ்க்கையே மாறிவிட்டதாகக் கண்ணன் அதில் சொல்கிறான். அவனுடைய ஆட்டுமந்தை கேம் இன்னும் மூன்றாவது கட்டத்திலேயே நின்றுபோகிறது. போன வாரம்கூட நான்தான் ஆடிப் பார்த்துச் சொன்னேன்.

சாயங்காலம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது அவனிடமே கேட்டேன்.

"ஏலே, அப்படிப் பேசிக் குடுத்தா பாதி பீஸைத் திருப்பித் தாரேன்னாக. நீயும் சேரு, நீயும் பேசலாம்ல."

"அவுக ஏன் இன்னொரு கேம் பண்ணல?"

"அவுகளுக்கு நேரம் எங்கலே இருக்கு?"

அந்த விளம்பரத்தில் இன்னும் பதினோரு பேர் பேசுகிறார்கள். வீட்டுக்கு வந்து அவர்கள் செய்த கேம்களைத் தேடினேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

பிறகு கதவைச் சாத்திவிட்டு, போனை எதிரே நிறுத்தி, "என் வாழ்க்கையே மாறிப்போச்சு" என்று வீடியோவில் பேசிப் பார்த்தேன். கண்ணனைவிட நன்றாகவே வந்திருக்கிறது. இன்னும் அழிக்கவில்லை.