நிக்காஹ் நாளில் வந்த ஈர நாய்

அண்ணே,

நேற்று மஞ்சக்குப்பத்தில் மருந்துக் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். நாயைக் காணவில்லை என்று பெரிய எழுத்து, அதன் கீழே கலர் போட்டோ, போன் நம்பர், கண்டுபிடித்துத் தருபவருக்குத் தக்க சன்மானம். மாத்திரை வாங்க வந்த உன் மச்சான் மாத்திரையை மறந்துவிட்டு அதையே படித்துக்கொண்டு நின்றார். "இவுங்களுக்கு ஒங்கண்ணனெத் தெரியாமப் போச்சு பாரு," என்றார். நீ போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது. இன்னும் எந்த நாயைப் பார்த்தாலும் எங்களுக்கு உன் நினைப்புதான் வருகிறது.

போட்டோவும் போனும் இல்லாத அந்த நாளில், கடலூரில் நாயைத் தொலைத்தவர்கள் உன்னைத்தான் தேடிவந்தார்கள். சைக்கிள் கேரியரில் சேலை மூட்டையைக் கட்டிக்கொண்டு நீ நம் ஓல்டு டவுன் ஓ.டி.யிலிருந்து கிளம்பினால் திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் என்று சுற்றுவாய். சில வாரம் சிதம்பரம் வரை போய் அங்கேயே தங்கி விற்றுவிட்டு வருவாய். வீடு வீடாகச் சேலை விற்கிறவனைப் பார்த்தால் குரைக்காத நாய் உண்டா? உன்னைப் பார்த்துக் குரைத்த நாயையெல்லாம் நீயும் முகம் பார்த்து வைத்துக்கொண்டாய். இந்த வாசலில் நிற்க வேண்டியது அந்தச் சந்தில் நிற்கிறதே என்று தெரிந்துவிட்டால் அவ்வளவுதான், வியாபாரம் அத்தோடு போச்சு. அதை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் மறுவேலை. பிறகு சேலை வாங்காதவர்கள்கூட வாசலில் நிறுத்திக் கேட்க ஆரம்பித்தார்கள். "பாய், எங்க வூட்டு மணியெ எங்கனா பாத்தீங்களா?"

முன்பின் பார்க்காத நாயாக இருந்தால் நீ செய்வதுதான் எனக்கு இன்றைக்கும் தீராத ஆச்சரியம். சைக்கிளைத் தள்ளி நிறுத்திவிட்டு, முதலில் தமிழில் "வாடா, வா" என்பாய். அசையாவிட்டால் தெலுங்கில் "ரா ரா". அதற்கும் இல்லையென்றால் மலையாளத்தில் "வா மோனே". கடைசியாக, ஆபீசர் வீட்டு நாயோ என்னவோ என்று, "கமான், கமான்". சேலை விற்கப் பொறுக்கிச் சேர்த்த வார்த்தைகள் அவை. ஒருநாள் புலியூர் கடைத்தெருவில் நானும் அம்மாவும் பார்த்தோம். எலும்பும் தோலுமாக ஒரு நாய். யார் என்ன கூப்பிட்டும் தலையைத் தூக்காமல் படுத்திருந்தது. நீ "வா மோனே" என்றதும் காது நிமிர்ந்தது. எழுந்து உன் சைக்கிள் பின்னாலேயே நடந்தது. பொழுது சாய்வதற்குள் அது ரயிலடி மலையாளத்தார் டீக்கடையில் பன் தின்றுகொண்டிருந்தது. அம்மா வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டு வந்தார்கள். எனக்கோ உடம்பு சிலிர்த்துப் போயிற்று. பேச முடியாத ஒரு ஜீவன் தன் வீட்டை உன்னிடம் சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் எந்த நாயையும் நீ தொட்டதில்லை. ஈர நாய் மேலே பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த சட்டம். அதனால்தான் நீ முன்னால் போகிறாய், அது பின்னால் வருகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். வியாபாரம் தொடங்கின புதிதில் ஒரு நாய் உன் கெண்டைக்காலைப் பிடுங்கி, பெரியாஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டு வந்தவன் நீ. அப்படிப்பட்டவன் நாய் பின்னாலேயே அலைகிறானே, இவனுக்குப் பயம் என்கிற சாமானே இல்லை என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

அம்மாவுக்கு இதில் பெருமை ஒன்றும் கிடையாது. எனக்குக் கூடி வந்த ஒரு சம்பந்தம், "பொண்ணோட அண்ணன் நாய் தேடுற ஆளாமே" என்ற ஒரே பேச்சில் தட்டிப்போயிற்று. அதற்குப் பிறகு வெகுநாள் கழித்துத்தான் சிதம்பரத்து இடம் வந்தது. மாப்பிள்ளையைப் பெற்ற அத்தா நெல் வியாபாரி, கண்டிப்பான மனிதர். அம்மா உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். "இவ நிக்காஹ் முடியிற வரைக்கும் நாய்ங்கிற பேச்சே இந்த வூட்டுல வரக் கூடாது," என்றார்கள். "சரிம்மா," என்றாய். சொன்னபடியே இருந்தாய். வாசலில் யாராவது வந்து கேட்டால்கூட உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாய், தூங்கமாட்டாய்.

நிக்காஹ் சிதம்பரத்தில், தாய்மாமா வீட்டில். ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. வீராணம் ஏரியில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று பேச்சு, வாய்க்கால் எல்லாம் கரை புரண்டன. அன்று காலையில் நீ புதுச் சட்டையும் வேட்டியுமாகப் பெரியம்மாவை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனாய். ஜட்கா திரும்பி வந்தது. பெரியம்மா இறங்கினார்கள். நீ இறங்கவில்லை.

"ஒம் மவன் வாய்க்காலாண்ட நிக்கிறான்," என்றார்கள் பெரியம்மா.

"எதுக்கு?" என்று அம்மா கேட்டார்கள். கேட்கும்போதே தெரிந்துவிட்டது அவர்களுக்கு.

"நாய் ஒண்ணு மாட்டிக்கிச்சு. சங்கிலி மதகுல சிக்கியிருக்கு. தண்ணி கழுத்து வரைக்கும் ஏறிடுச்சு. பத்து பேரு கரையில நின்னு வேடிக்கெ பாக்குறான், ஒருத்தனும் எறங்கல."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். நம் அத்தா இல்லை, அத்தாவைப் பெற்றவரும் இல்லை. என்னை நிக்காஹ் செய்து கொடுக்கும் உரிமை உள்ள வலீ நீ ஒருத்தன்தான். தாய்மாமா அந்த வீட்டுக்கே சொந்தக்காரர் ஆனாலும் அந்த இடத்தில் அவர் உட்கார முடியாது. நீ வந்து மாப்பிள்ளை கையைப் பிடித்தால்தான் கல்யாணம். பந்தலில் ஜனம் நிறைந்துவிட்டது, நிக்காஹ் ஓத ஹஜ்ரத் வந்துவிட்டார், மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. உள்ளே மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்த எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நாயா நானா என்று உன்னைக் கேட்டுவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். இவர்கள் எழுந்து போய்விட்டால் இனி எனக்குக் கல்யாணம் இல்லை. போகாவிட்டாலோ, முகம் தெரியாத ஒருவரோடு, அந்தக் கண்டிப்பான மனிதர் வீட்டில் நான் இருக்க வேண்டும். இரண்டுக்குமே பயந்துகொண்டிருந்தேன்.

அப்புறம் நீ வந்தாய். முன் வாசலில் கூட்டம், அதனால் கொல்லைப் பக்கமாகத்தான் வந்தாய். என் ஜன்னல் கொல்லைக் கிணற்றைப் பார்த்து இருந்தது. உன் தோளில் ஒரு செவலை நாய், முன்காலை உன் கழுத்தில் போட்டுக்கொண்டு. சேறும் தண்ணீருமாக இரண்டு பேருக்கும் ஒரே நிறம். வாய்க்காலில் அதை நீ எல்லாப் பாஷையிலும் கூப்பிட்டுப் பார்த்தாயாம். "ரா ரா" என்றபோது தலையைத் திருப்பிற்றாம். ஆனால் சங்கிலி விடவில்லை. சட்டையோடு இறங்கிவிட்டாய். மாமா வீட்டு மாட்டுக் கொட்டகையில் அதை இறக்கிவிட்டு, கிணற்றடிக்கு வந்து நின்றாய்.

அந்த நாயின் கதையை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்றுவிட்டார்கள். அடுத்த வாரம் நீ அதைக் காட்டுமன்னார்கோயில் வரை நடத்தியே கூட்டிப்போனாய். வழியெல்லாம் தெலுங்கு பேசும் வீடு எது எது என்று விசாரித்துக்கொண்டு போய், ஒரு ரைஸ் மில் நாயுடு வீட்டில் விட்டாய். நெல் வண்டி பின்னாலேயே சிதம்பரம் வந்து வழி தவறிய நாய் அது. அந்த வீட்டு அம்மாள் உன்னை ஏறிட்டும் பார்க்காமல் நாயைத் தெலுங்கில் திட்டித் தீர்த்து, பிறகுதான் கட்டிக்கொண்டு அழுதார்களாம். "என்னெ வான்னு கூடச் சொல்லல," என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்.

கிணற்றடிக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் அத்தா கொல்லைக்கே வந்துவிட்டார். உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாயெக் கட்டிப் புடிச்ச கையெ எம் புள்ள புடிக்கணுமா?"

பின்னாலேயே வந்த ஹஜ்ரத்தான் பேசினார். "ஏழு தடவெ கழுவுனா சுத்தம். மார்க்கத்துல அவ்வளவுதான் சொல்லியிருக்கு. அதுக்கு மேல நாம என்னா சேக்கறது?"

"எல்லாம் சரிங்க ஹஜ்ரத். ஆனா மனசு ஒப்பல. வேற ஒரு நாள் பாத்துக்கலாம்," என்றார் அவர். வேறொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். எனக்கு ஜன்னல் கம்பி கையில் குத்தியது தெரியவில்லை.

அப்போது பந்தல் பக்கமிருந்து ஒரு ஆள் வந்தார். ஒல்லியாக, உயரமாக, கழுத்தில் மாலையோடு. அவர்தான் மாப்பிள்ளை என்று எனக்குத் தெரிய அந்த மாலைதான் காரணம், அதுவரை முகம் பார்த்ததில்லை. தன் அத்தாவின் முகத்தைப் பார்க்காமல் நேரே கிணற்றடிக்கு நடந்தார். மாலையைக் கழற்றித் துவைக்கிற கல்லில் வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, வாளியைக் கிணற்றில் இறக்கினார்.

"நீங்க நில்லுங்க மச்சான். நான் ஊத்துறேன்."

அவர் இறைத்து ஊற்ற ஊற்ற நீ கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். ஹஜ்ரத் கொட்டகை ஓரத்திலிருந்து நல்ல மண்ணாக ஒரு பிடி எடுத்து வாளியில் கரைத்துக் கொடுத்தார். மண் தண்ணீர் உன் தலையிலிருந்து வழிந்தது. அதற்குப் பின் ஊற்றிய வாளிகளில் அது கரைந்து போயிற்று. உலகத்தில் பெண்கள் மாப்பிள்ளையை எப்படியெப்படியோ முதலில் பார்த்திருப்பார்கள். நான் பார்த்தது இப்படி. அவ்வளவு பெரிய காரியம் ஒன்று என் கண்முன்னால் நடக்கிறது என்று தெரிந்தது. மாப்பிள்ளையின் அத்தா சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் பந்தலுக்குள் போய் உட்கார்ந்தார். உன்னோடு அவர் பேசுவதற்கு அப்புறம் இரண்டு பெருநாள் கழிய வேண்டியிருந்தது, ஆனால் அன்றைக்கு எழுந்து போகவில்லை.

மாமாவின் தொளதொள ஜிப்பாவைப் போட்டுக்கொண்டு நீ என் அறை வாசலுக்கு வந்தாய், சம்மதம் கேட்க. சாட்சிக்காரர்கள் இரண்டு பேர் பின்னால் நின்றார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம். ஓரமாக உன் கை மட்டும் தெரிந்தது, நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அது நடுங்கியது.

"ஒன்னெ இந்த மாப்பிள்ளைக்கு நிக்காஹ் செஞ்சு குடுக்கப் போறேன். ஒனக்குச் சம்மதமாம்மா?"

கேட்க நினைத்ததெல்லாம் எங்கே போயிற்றோ. "குளுருதாண்ணே?" என்றேன் மெதுவாக.

"இல்ல. அந்த நாயெத் தூக்குனதுலேர்ந்து இப்படித்தான் ஆடுது, நிக்க மாட்டேங்குது."

"ஒனக்குத்தான் நாய்னா பயமே கெடையாதே."

"யாரு சொன்னா? அந்த ஊசி போட்டதுலேர்ந்து எந்த நாயெப் பாத்தாலும் எனக்குப் பயந்தான். கிட்டக்கவே போனதில்லியே, பாத்ததில்லியா நீ?"

"அப்புறம் ஏண்ணே எறங்குன?"

"அதுக்கு என்னெவிட ஜாஸ்தி பயமா இருந்துச்சும்மா," என்றாய். பிறகு குரலை ஏற்றி, "சொல்லும்மா, ஹஜ்ரத் காத்துக்கிட்டு இருக்காரு."

சம்மதம் என்று சொன்னேன். சாட்சிக்காரர்களுக்குக் கேட்கவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள், அப்போது சத்தமாகவே சொன்னேன். அத்தனை வருஷம் அத்தனை தெருவில் நீ பயந்துகொண்டே செய்த காரியத்தைத்தான் நாங்கள் தைரியம் என்று பேசிக்கொண்டிருந்தோமா என்று எனக்கு உன் முகத்தை அண்ணாந்து பார்க்கத் தோன்றியது. திரை மறைத்துக்கொண்டிருந்தது.

பந்தி முடிந்து பிற்பகலில் மாப்பிள்ளையை என் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்து, பால் பழம் கொடுத்துவிட்டுப் பெண்கள் ஒதுங்கினார்கள். எனக்குப் பயம் இன்னும் போகவில்லை. குனிந்த தலையோடு அவர் கையைப் பார்த்தேன். டம்ளர் ஆடிக்கொண்டிருந்தது. பால் புது வேட்டியில் சிந்தியது. வெளியே அவருடைய அத்தா இருமுகிற சத்தம் கேட்டதும் இன்னும் கொஞ்சம் சிந்தியது. அத்தாவை மீறி அவர் வாழ்க்கையில் செய்த முதல் காரியம் அந்தத் தண்ணீர் ஊற்றியதுதான் என்று பிற்பாடு சொன்னார். அப்போது எனக்கு அது தெரியாது. என்னைவிட ஜாஸ்தி பயத்தில் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன்.

"பயப்படாதீங்க. நான் இருக்கேன்ல," என்றேன்.

புதுப்பெண் பேசுகிற பேச்சா அது. அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்து, அப்புறம் சிரித்தார்.

போன மாதம் கண் ஆபரேஷனுக்கு அவரை உள்ளே கூட்டிப்போனார்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவர் கையைப் பார்த்தேன் அண்ணே, அன்றைக்கு டம்ளரைப் பிடித்த மாதிரியே இருந்தது. "நான் இருக்கேன்ல," என்று சொல்லிவிட்டு, கதவு மூடும்வரை நிமிர்ந்து நின்றேன்.