மூன்று பெயர்களுக்கு விட்ட இடம்

நேற்றைய மழைக்குக் கராஜ் ஒழுகிவிட்டது. காலையில் நனைந்த பெட்டியொன்றைத் திறந்ததும் ஈரக் கடதாசியின் வாசம் எழுந்தது. உன்னைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். நீ இறந்துபோய் எட்டு மாதமாகிறது.

எழுபதுகளில், மெல்பேர்னில் நாம் இருவரும் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒருநாள் இதே வாசம் நிறைந்திருந்தது. நீ பழைய இந்தியாவின் சூதர்களைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாய். அரச வம்சங்களின் கதையை ஏட்டில் எழுதாமல் வாயாலேயே காத்தவர்கள் அவர்கள். நான் ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்தேன். ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு கிழமை இருக்கையில் குசினியில் அடுப்புக்கு மேலே கூரைக் குழாய் வெடித்தது. மேசையிலிருந்த நாலாம் அத்தியாயத்தின் ஒரே கையெழுத்துப் பிரதி மை கரைந்து நீலக் கூழாகிவிட்டது. தவணையை ஏற்கெனவே இரண்டு தரம் நீட்டித் தந்திருந்தார்கள். படிப்பு நின்றால் விசாவும் போய்விடும்.

நீ அழவில்லை. கூழை வாளியில் அள்ளிப் போட்டுவிட்டு, என் தட்டெழுத்து மெசினுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாய்.

“நான் சொல்லிக்கொண்டு போறன். நீ அடி.”

மூன்று நாள் சொன்னாய், கண்ணை மூடியபடி. ‘செத்த ராசாக்களுக்குப் பாட்டுப் படிச்ச ஆக்கள்’ என்று அதுவரை உன் ஆராய்ச்சியைக் கேலி செய்த நான், அன்றுதான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

ஒரு வம்சப் பட்டியலில் நின்றுவிட்டாய். மூன்று பெயர் வரவில்லை. சிட்னி நூலகமொன்றிலிருந்து வருவித்த, அந்தப் பட்டியல் இருந்த புத்தகத்தையும் திருப்பி அனுப்பிவிட்டிருந்தாய்.

“ஏதாவது மூண்டு பேரைப் போடுவம். ஆருக்குத் தெரியப்போகுது?” என்றேன்.

“வேண்டாமடி. இடத்தை விடு. பொய்ப்பேரை வைச்சால் உண்மையா இருந்தவனுக்கு இடமில்லாமல் போயிடும்.”

ஆய்வேட்டைப் பார்த்த பரீட்சகர் அந்த வெற்றிடத்தைப் பற்றிக் கேட்டபோதும் மறந்துவிட்டேன் என்றே சொன்னாயாம். பெயர்களைத் தேடிச் சேர்க்கச் சொல்லிவிட்டுப் பட்டம் தந்தார்கள்.

போன ஞாயிறு உன் மகள் வந்திருந்தாள். “நான் பிறந்த அண்டைக்கு அம்மா என்ன சொன்னவா, அன்ரி?”

அன்று நான் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில்தான் நின்றேன். ஆனால் நீ சொன்னது ஒரு சொல்கூட நினைவில் இல்லை. அவள் முகத்தைப் பார்க்க, அழகான வசனமொன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“நினைவில்லை, பிள்ளை. ஆனால் உன்னை நேர்ஸிட்டயும் குடுக்காமல் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தவா. அதை நான் கண்ணால கண்டனான்.”

அவள் என் கையைப் பிடித்தபடி வெகுநேரம் அழுதாள். அன்று நீ என்ன சொன்னாய் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.