சுண்ணாம்புப் பொட்டு வைத்த விறகு

இதை எழுதும்போது என் மடியில் ஒரு விறகு கிடக்கிறது. கருவேலம், ஒன்றரை முழம் இருக்கும். இன்று காலை உன் விறகடுக்கிலிருந்து எடுத்தது. எடுத்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே பிள்ளை அழுததுகூட வெகுநேரம் காதில் விழவில்லை. இதை எழுதி என்ன பயன்? உனக்குத்தான் எழுத்தே தெரியாதே. ஊரிலிருந்து உன் அம்மா போடும் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். வசவுகளை நான் பாதியாகக் குறைத்து வாசிக்கிறேன் என்று தெரிந்தே நீ சிரித்துக்கொண்டு கேட்பாய்.

நேற்று உன் வீட்டுக்காரர் ஊருக்குப் போய்விட்டார். தோல் கிடங்கு வேலையும் வேண்டாம், தாராவியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கிளம்பும்போது என் வாசலில் நின்றார்.

"மிச்ச விறக நீயே எடுத்துக்க தங்கச்சி. அவதான் உன்னச் சொல்லிட்டுப் போனா, அது அவ விறகாவே இருக்கட்டும்னு."

எனக்குச் சுருக்கென்றது. சாகும்போதும் குத்திவிட்டுப் போயிருக்கிறாளே என்று நினைத்தேன். இருந்தாலும் விறகு விறகுதான். யுத்த காலத்தில் சீமையெண்ணெய்க்கு நாய் படாத பாடு பட்டவள், வேண்டாம் என்றா சொல்வேன்? காலையில் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு உன் பக்கம் வந்தேன்.

இந்த விறகை நாம் அடுக்கியது வைகாசிக் கடைசியில். மழை இறங்கிவிட்டால் இந்தச் சந்தில் முழங்கால் தண்ணீர், விறகு டிப்போவில் கிடைப்பதெல்லாம் ஊறிய கட்டை. அதனால் வருஷா வருஷம் ஒரு கைவண்டி கட்டையை இரண்டு வீட்டுக்குமாக வாங்கி, பிளந்து, காயவைத்து, ஆளுக்குப் பாதி என்று அடுக்குவோம். இந்த வருஷம் எனக்கு நிறைமாசம். கோடாரி முழுக்க உன் கையில்தான் இருந்தது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நீ போட்ட போடு, அடுத்த சந்துக்குக் கேட்டிருக்கும். "கணுவோட மல்லுக்கு நிக்கக் கூடாதுளா, அது பக்கத்துல போடணும்" என்று சொல்லிக்கொண்டே பிளப்பாய். என் பாதியையும் நீதான் பிளந்தாய்.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பொட்டு வைத்தேன். உன் வீட்டுக்காரர் கிடங்கிலிருந்து கொண்டுவந்த சுண்ணாம்பைக் குழைத்து, என் பங்கு விறகுகளின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பொட்டு. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே தகரம் போட்ட அந்த ஒடுக்கத்தில் இரண்டு அடுக்கும் ஒட்டித்தானே நிற்கும். வெளிமுனை அவரவர் வாசல் பக்கம், உள்முனைகள் நடுவில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு. கலந்துவிடுமோ என்று எனக்குப் பயம். எனக்கு எதிலும் பயம்தான், உனக்குத் தெரியும்.

"நமக்குள்ள எதுக்குளா பொட்டும் பூவும்?" என்று கேட்டாய்.

"நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாது பாரு" என்றேன். நான் சொன்ன வார்த்தைதான் இது.

மாஹிம் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பொட்டு காயட்டும், அப்புறம் அடுக்கலாம் என்றாய். மழை வந்துவிடும் என்று நான் கத்தினேன். ஈரத்தோடு ஈரமாக அடுக்கி முடித்தோம்.

ஆனியில் பிள்ளை பிறந்தபோது வெந்நீர் போட்டதும் நீதான். அதையெல்லாம் மறந்துவிட்டுத்தான் ஆடியில் அந்தக் காரியம் செய்தேன். கொஞ்சம் உப்புக் கேட்டு உன் வீட்டுக்குள் வந்தவள், அடுப்பிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த விறகைப் பார்த்தேன். முனையில் என் பொட்டு. என் அடுக்கு கிடுகிடுவென்று இறங்குகிறதே என்று ஏற்கனவே மனசுக்குள் புகைந்துகொண்டிருந்தது. பிள்ளைக்கு இரண்டு வேளை வெந்நீர் வைக்கிறோமே, அடுப்பு மேல் துணி காயப்போடுகிறோமே, விறகு இறங்காமல் என்ன செய்யும் என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு இல்லை.

நீ குழாயடிக்குப் போயிருந்தாய்; வரும்வரை இருந்து அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த விறகை உருவி, எரிகிற முனையை வாசல் தண்ணீரில் அமுக்கி, குழாயடிக்குக் கொண்டுபோனேன். தண்ணீர் வருகிற நேரம், சந்துப் பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு நின்றார்கள். நீயும் நின்றாய். இது யார் விறகு என்று உன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

நீ அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "உன் பொட்டுதான். எப்படி வந்துதுன்னு எனக்குத் தெரியலியே. மழையிருட்டுல கை மாறி எடுத்துட்டனோ என்னவோளா."

அதை நான் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டேன். திருடி என்றேன். இன்னும் இரண்டு சொன்னேன், அதை எழுத மாட்டேன். நீ பாதிக் குடத்தோடு போய்விட்டாய்.

அடுத்த இருபது நாளில் உனக்குக் காய்ச்சல். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் நீ தண்ணீர் கேட்பது எனக்குக் கேட்டது. வரட்டும், அவளே கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். நீ கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் உன்னை வெளியே எடுத்தபோது கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

இனி இன்று காலை. உன் அடுக்கில் மேல்வரிசைகள் தீர்ந்துவிட்டன. கீழே நாலு வரிசை, அடுக்கிய நாளிலிருந்து அசையாமல் கிடந்தவை. ஒன்றை உருவினேன். வெளிமுனை வெறுமையாக இருந்தது. உள்முனையில் வெள்ளைப் பொட்டு. அடுத்ததை உருவினேன், அதிலும் இருந்தது. சிலதில் முழுசாக, சிலதில் பாதி, சிலதில் இழுவிப்போய். என் பக்கம் ஓடி, அதே மட்டத்தில் என் விறகை உருவிப் பார்த்தேன். என் உள்முனைப் பொட்டில் நடுச் சுண்ணாம்பு போய், விளிம்பு மட்டும் வட்டமாக நின்றது. இரண்டையும் முட்டவைத்துப் பார்த்தேன். அச்சுப் பிசகாமல் பொருந்தியது.

காயாத சுண்ணாம்பு. நான்தான் காயவிடவில்லை. உன் விறகில் என் பொட்டை ஒட்டியதும் நான், அதை உன் அடுப்பில் கண்டுபிடித்ததும் நான். நம்ப முடியாமல் மறுபடி மறுபடி முட்டவைத்துப் பார்த்தேன். பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன்.

பிறகு இரண்டு விறகையும் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். எந்த இடத்தில் சொன்னேனோ அங்கேயே மாற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. திருடி என்ற பேரோடு நீ போயிருக்கிறாயே, அதையாவது துடைக்க வேண்டாமா? எல்லோர் நடுவிலும் நின்று, முட்டவைத்துக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

யாரும் விறகைப் பார்க்கக்கூட இல்லை. மூலைவீட்டு மதினிதான் பேசினாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"இத இப்ப யாருக்குளா காட்டுத? அவ எடுத்திருப்பான்னு அன்னைக்கே நாங்க ஒருத்தரும் நம்பல. நீதான் நம்புன."

குடத்தை நகர்த்தி வைத்துவிட்டுத் தண்ணீர் பிடித்தாள். நான் விறகோடு திரும்பி வந்தேன்.

உன் பேரைத் துடைக்கப் போனவள் நான். இந்தச் சந்தில் அது எங்கேயும் கெடவில்லை. ஆடியிலிருந்து இன்று காலைவரை, என் ஒருத்தியிடம் மட்டும்தான் கெட்டுக்கிடந்தது.