ஓவர்டியூ

மச்சாள்,

மகனுக்குப் போட்ட பால் தேத்தண்ணி ஆறி, ஆடை கட்டிவிட்டது. விடியவே கரைக்கு வந்திருக்கவேண்டிய அவனுடைய படகு இன்னும் வரவில்லை. போனும் எடுபடவில்லை. வாசலுக்கு எதிரே ஊர்காவற்றுறைக் கரையில் மற்றவர்கள் வலையிலிருந்து மீன் கழற்றுகிறார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள் இல்லை. கைக்கு ஒரு வேலை வேண்டும் என்றுதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நூலகத்தில் நீங்கள் வெளிறிப்போய் நின்றது நினைவுக்கு வருகிறது. சமையல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தோம். மேசையில் இருந்த பிள்ளை திகதியைப் பார்த்துவிட்டு, "இது ஓவர்டியூ அக்கா" என்றது. நீங்கள் என் கையை இறுக்கிப் பிடித்தீர்கள். இங்கிலீசில் எதைச் சொன்னாலும் நமக்குத் தண்டனை மாதிரித்தானே.

"பயப்பிடாதையுங்கோ. வரவேண்டிய நேரம் கடந்திட்டுது, இன்னும் வரேல்லை. அதுதான் கருத்து. பஸ்ஸுக்கும் கப்பலுக்கும்கூடச் சொல்லுவினம்" என்று அந்தப் பிள்ளை விளக்கியது.

பஸ்ஸில் வரும்போது அந்தச் சொல்லையே மென்றுகொண்டு வந்தீர்கள்.

படகு பிந்தினால் "காணேல்லை" என்று நம் பெண்கள் வாயால் சொல்வதில்லை. சொன்னால் பலித்துவிடும் என்ற பயம். அந்த இடத்தில் நீங்கள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்து வைத்தீர்கள். கறிப் புத்தகம் தந்த இங்கிலீசு என்று நான் பகிடி பண்ணுவேன். ஆனாலும் அதைச் சொன்னால் கொஞ்சம் மூச்சு வரும்.

உங்கள் கணவர் கடலிலிருந்து திரும்பி வராத அன்றும் அதையே சொன்னீர்கள். தேடித் தேடி எல்லோரும் ஓய்ந்த பிறகு, அவருக்குப் பூசை ஒப்புக்கொடுப்போமா என்று கேட்டேன்.

"அது செத்த ஆக்களுக்கு. அவர் ஓவர்டியூ. நீர் சும்மா இரும்."

உங்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன். போன மாரியில் கண்ணை மூடும்வரை அவருக்கு நீங்கள் வேறு சொல் எடுக்கவில்லை.

சற்று முன் மருமகள் ஓடிவந்தாள். "மாமி, அவரைக் காணே…" என்று தொடங்கியவளின் வாயைப் பொத்தினேன்.

"ஓவர்டியூ எண்டு சொல்லு பிள்ளை."

"எண்டால்?"

"வரவேண்டிய நேரம் கடந்திட்டுது. இன்னும் வரேல்லை."

"அப்ப வருவாரோ மாமி?"

அதற்கு அந்தச் சொல்லில் பதில் இல்லை. உங்களுக்கும் அது தெரிந்துதான் இருந்திருக்கும்.

தேத்தண்ணியைத் திரும்பவும் சூடாக்கி வைத்திருக்கிறேன். அவள் வாசலில் நின்று, கடலைப் பார்த்தபடி, அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறாள். அவளுக்கு அது பழகிவிடக் கூடாது, மச்சாள்.